இரண்டாம் அறைக் கதவைச் சாத்திவைத்த பெரியக்காவுக்கு

நலம் நாடி வந்தோரின் நரம்புதோறும் நம்பிக்கை ஏற்றிய நல்லவரே! கசங்கி வந்த உடம்புகளைக் கனிவோடு நீவிக் கலகலப்பாக்கி அனுப்பிய கைகளுக்கு உரியவரே! எங்கள் நலவாழ்வு விடுதியின் சிகிச்சைப் பிரிவுத் தலைவியே! பதவியால் மேடம், பாசத்தால் எங்கள் எல்லோருக்கும் பெரியக்காவே! வணக்கம்.

தூக்கம் தொலைத்தவர், துக்கம் சுமப்பவர், நாற்காலியிலேயே வாழ்ந்து முதுகும் நாற்காலியாகவே மடங்கிப்போனவர் என்று எத்தனையோ பேர் விமானம் ஏறி இங்கே வந்தார்கள். எந்தத் திட்டத்தில் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதை வரவேற்பறை கேட்கும். “எங்க வலிக்குது?” என்பதை நீங்கள்தான் கேட்டீர்கள். இருபத்தாறு ஆண்டுகளாக நீராவி அறையின் புழுக்கத்திலும் எண்ணெய் மேசையின் ஓரத்திலும் நின்று நீங்கள் ஆற்றிய பணிக்கு விருந்தினர் எழுதிய பாராட்டுகள் வரவேற்பறைச் சுவர் முழுக்கத் தொங்குகின்றன. நீங்கள் ஓய்வு பெறும் இந்நாளில், அவற்றைத் திருப்பிச் சொல்ல இந்த மடல் எழுதப்படவில்லை. அந்தச் சுவரில் இடம் கிடைக்காத ஒன்றைச் சொல்லவே எழுந்து நிற்கிறோம்.

மசாஜ் செய்யும் தம்பி ஒருவருக்கு, பிறர் தோளை அழுத்தி அழுத்தி விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஊழியர் உணவறையில் அவர் கையிலிருந்து தண்ணீர்க் குவளை நழுவி உடைந்தது. “பராக்குப் பாத்துட்டே சாப்பிடுறான் பாரு” என்று நாங்கள் கேலி செய்தோம். நீங்களோ உடைந்த குவளையைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தீர்கள்.

“கையக் காட்டு தம்பி. எத்தன நாளா இப்படி இருக்கு?”

“ஒண்ணுமில்லக்கா.”

“ஒண்ணுமில்லாத கை ஏன் இப்படி நடுங்குது? எந்திரி, வா.”

அன்று செவ்வாய்க்கிழமை. விருந்தினர் படுக்கும் இரண்டாம் அறை மேசையிலேயே அவரைப் படுக்கவைத்து, கதவைச் சாத்தி, விரல் விரலாக நீவிவிட்டீர்கள். அடுத்த செவ்வாய் மதியம் வாயிற்காவலர் அண்ணனின் முழங்காலுக்கு வைத்தியம். பிறகு சலவைப் பிரிவு அக்காவின் இடுப்பு. பிறகு ஓட்டுநரின் கழுத்து. நலத்தை விற்கும் இடத்தில் நலமில்லாதவர் நாங்கள்தான் என்று கண்டுகொண்டவர் நீங்கள். ஒருவர் வலியை இன்னொருவர் கைகள் வாங்கிக்கொள்ளும் அந்த மதியம் இந்த விடுதியில் வழக்கமானது அப்படித்தான்.

ஒருநாள், தோளில் துண்டோடு விருந்தினர் ஒருவர் கதவு மாறி உள்ளே வந்துவிட்டார். மேசையில் பாத்திரம் கழுவும் அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“என்னங்க இது? நான் படுக்குற மேசையில சமையல்கட்டு ஆளப் படுக்க வெச்சிருக்கீங்க!” என்று இரைந்தார் விருந்தினர்.

நீங்கள் உதட்டில் விரலை வைத்தீர்கள். “மெதுவாப் பேசுங்க சார். அமைதி காக்கவும்னு வெளிய போர்டு மாட்டியிருக்கோம்ல.”

தூக்கம் வராத தொல்லைக்காகவே இங்கு வந்து தங்கியிருந்தவர் அவர். குறட்டையைச் சிறிது நேரம் கேட்டபடி நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கு மட்டும் ஏங்க இந்த மாதிரி வர மாட்டேங்குது?” என்றார்.

“சாயங்காலம் சமையல்கட்டுக்கு வாங்க. பெரிய அண்டா ரெண்டு கெடக்கு. தேச்சுட்டுப் போய்ப் படுத்துப் பாருங்க.”

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் அண்ணனைத் தேடிப் போய், கை பிடித்து மன்னிப்புக் கேட்டார். ஒரு மனத்தை இளக்க இறைவனுக்கு ஒரு குறட்டை போதும் என்று அன்று கண்டோம்!

அந்த மதியத்துக்குத்தான் இப்போது ஆபத்து. வரும் மாதத்திலிருந்து செவ்வாய் மதியமும் இரண்டாம் அறை விருந்தினருக்கே என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஏறியிருக்கிறது. “பெரியக்கா போயிட்டா அது தன்னால நின்னுடும்” என்று மேலாளர் ஐயா சொன்னதும் எங்கள் காதுக்கு வந்தது. மடலில் செவ்வாய் மதியப் பேச்சை மட்டும் எடுத்துவிட்டால் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தருகிறோம் என்று அவரிடமிருந்து ஆளும் வந்தது. சட்டத்தை நாங்களே போட்டுக்கொண்டோம்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே! முழு மரியாதையோடு, முழுக் குரலில் சொல்கிறோம்: நிற்காது! எந்த விருந்தினருக்கும் குறை வைக்க மாட்டோம். அந்த நேரத்து வேலையைக் காலையில் முன்னதாக வந்து முடித்துத் தருவோம். ஆனால் செவ்வாய் மதியம் அந்தக் கதவைத் திறந்தால் மேசையில் எங்களில் ஒருவர் படுத்திருப்பார். அவரை எழுப்ப மனம் வருபவர் வந்து எழுப்பட்டும். எங்களை வேலையை விட்டு அனுப்புவதானால், வரிசையில் ஒருவரை மட்டும் பொறுக்கி எடுக்க முடியாது. எல்லோரும் சேர்ந்தே நிற்கிறோம்.

பெரியக்கா! இன்று காலைகூட, “நான் போனப்பறம் சண்ட கிண்ட போட்டுக்காதீங்கப்பா, உங்க வேல முக்கியம்” என்று கெஞ்சினீர்கள். நீங்கள் சொல்லி நாங்கள் தட்டியதில்லை. இந்த ஒன்றை மட்டும் தட்டுகிறோம்; பொறுத்துக்கொள்ளுங்கள். அன்புக்குக் காவல் நிற்பது சண்டையென்றால், அந்தச் சண்டைக்காரர்கள் என்ற பெயர் எங்களுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

“ஊர் முதுகெல்லாம் தேச்சது போதும், இனியாவது என் பக்கத்துல உக்காந்து ஒரு வாய் காப்பி குடி” என்று வீட்டில் மாமா சொல்கிறாராமே! குடியுங்கள், அக்கா. ஆறுவதற்குள் குடியுங்கள். எங்கள் வலியைத் தொட்ட அந்தக் கைகளில் வலியொன்றும் தங்காமல், நடை தளராமல், நல்ல உறக்கமும் நிறைந்த சிரிப்புமாய் நெடுங்காலம் நீங்கள் வாழ, எல்லா உயிரின் நோவும் அறிந்த இறைவனை மன்றாடுகிறோம்.

உங்கள் கை பட்டுத் தேறியவர்கள்:
சிகிச்சைப் பிரிவு, சமையல்கட்டு, சலவைப் பிரிவு, தோட்டம், வரவேற்பறை, வாயில், வண்டிகள்.

இவற்றின் கீழே ஒரு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். மேலாளர் ஐயா, கண்ணாடி இன்னும் பொருத்தவில்லை. பேனா மேசைமேல் இருக்கிறது.