சந்தனப் பொட்டு வைத்த கணினி

மேடையின் நடுவே வீற்றிருந்து, கண்ணில் கருணையையும் கையில் மணியையும் ஒருசேர வைத்திருக்கும் எங்கள் தலைவர் சிவநேசன் ஐயா அவர்களே! முன்வரிசையை முத்தாய் நிறைத்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அறிவுக்கு அனல் மூட்ட வந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கடல் பாலத்தையும் கடந்து, நெரிசலையும் கடந்து, பொறுமையின் எல்லையையும் கடந்து வந்து சேர்ந்திருக்கும் உறவுகளே! தேநீர் மேசைக்குப் பக்கத்திலேயே பார்த்து இடம்பிடித்த பின்வரிசைப் பெருமக்களே! உங்கள் எல்லாருக்கும், லிட்டில் இந்தியாவில் துணிக்கடைக்கும் பணமாற்றுக் கடைக்கும் நடுவே, நான்கடி அகலத்தில் கணினி பழுதுபார்க்கும் இந்தக் காமினியின் கைகுவித்த வணக்கம்!

இந்த மாலை ஏன் கூடியிருக்கிறோம்? டத்தோ கிராமாட் வட்டார மாதர் கணினி வகுப்புக்குப் பன்னிரண்டு கணினி வாங்கப் போகிறோம். பழையபடி பருத்துக் கனத்த கணினியா? மெலிந்து, மடங்கி, தொட்டால் பேசும் புதுக் கணினியா? கடைசியில் நீங்கள் கைதூக்கி முடிவு சொல்ல வேண்டும். அதற்கு முன் அந்த மெல்லிய கணினியின் நிறையையும் குறையையும் பத்தே நிமிடத்தில் சொல்லிவிட்டு இறங்கு என்று தலைவர் எனக்கு ஆணையிட்டிருக்கிறார். பத்து நிமிடமா? ஒரு திருகாணியைக் கீழே போட்டுவிட்டுத் தேடவே எனக்குப் பத்து நிமிடம் ஆகும் ஐயா! சரி, மணியைக் கீழே வையுங்கள், ஆரம்பிக்கிறேன்.

நிறையைக் கேளுங்கள். எடையைச் சொல்லவா? எழிலைச் சொல்லவா? ஒரு கையில் சந்தைச் சாமான் நிறைந்த பசார் பையும் மறுகையில் இதுவுமாக நீங்கள் பேருந்து ஏறலாம். பசார் பைதான் கனக்கும். நிமிர்த்தினால் கணினி. முழுக்கப் பின்னால் மடக்கினால் எழுதும் பலகை. பாதி மடக்கிக் கவிழ்த்து வைத்தால் கூடாரம் போல் தானே நிற்கும். விசைப்பலகையைக் கண்டு விரல் நடுங்குகிறவர்கள் திரையைத் தொட்டாலே போதும். பேனா பிடித்துத் தமிழில் எழுதலாம், படம் வரையலாம், கையெழுத்துப் போடலாம். தொட்டால் திறக்கும், தள்ளினால் நகரும், கிள்ளினால் சுருங்கும். நம் வீட்டு ஆட்களில் யாராவது இவ்வளவு சொன்னபடி கேட்கிறார்களா?

ஆண்கள் பக்கம் எல்லாரும் கூரையைப் பார்க்கிறார்கள். நன்றி.

இப்போது குறை. மெலிவு என்பது சும்மா வருமா? வயிற்றைக் குறைக்க எதையோ விட்டுத்தானே ஆக வேண்டும்! நினைவகத்தை உள்ளே பலகையோடு பற்றவைத்துவிட்டார்கள். பிறகு கூட்ட முடியாது. மின்கலத்தை ஒட்டிவைத்துவிட்டார்கள், மாற்றுவதற்குள் என் பாதி உயிர் போகும். துளைகள் இரண்டே இரண்டு. மின்சாரம் ஏற்றவும் அதுதான், வேறு எதைச் செருகவும் அதுதான். வெயிலில் வைத்தால் திரையில் எழுத்து தெரியாது, உங்கள் முகம்தான் தெரியும். மடக்கும் கீலை முரட்டுத்தனமாகத் திருப்பினால் ஒருநாள் அது கைவிட்டுவிடும். என்னக்கா? விரல் பட்டால் கறை படியுமாவா? படியும். துடைக்கணும். சட்டியை மட்டும் கழுவாமலா இருக்கிறோம்?

ஆனால் அன்பர்களே, இந்தக் கணினிக்கு இன்னொரு குறை இருக்கிறது. அது தயாரித்தவர்கள் வைத்த குறையில்லை. நாம் வைத்த குறை. அதைச் சொல்லத்தான் நான் இந்த மேடை ஏறினேன். அதை நான் சொல்வதைவிட மீனாட்சி அக்காவின் கதை சொல்லும்.

மீனாட்சி அக்காவை இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்து நான்கு ஆண்டுகள் நின்றே வேலை பார்த்தவர். சர்க்யூட் பலகையை ஒரு பார்வை பார்த்தால் எந்தப் புள்ளியில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார். ஒருநாள் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் வீடு. ஏழு இடத்துக்கு எழுதிப்போட்டார். ஏழு இடமும் கைவிரித்தது. எட்டாவதாக ஓர் அழைப்பு வந்தது: புதிதாகச் சேரும் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. நேர்காணல் கணினி வழியாக. கிழமை வியாழன், நேரம் காலை ஒன்பது. இதையும் விட்டால் இனி எங்கேயும் எழுதிப்போடப் போவதில்லை என்று அக்கா வீட்டில் சொல்லிவிட்டார். அந்த வியாழன் என்ன நாள் தெரியுமா? கம்பெனிக்கு வியாழக்கிழமை, நமக்கு விஜயதசமி!

சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. புரிந்துவிட்டது போலிருக்கிறது! ஆமாம் அம்மா, முந்தின நாள் ஆயுத பூசை!

அக்காவிடம் மெல்லிய மடிப்புக் கணினி ஒன்று இருந்தது. வேலை செய்த இடத்துத் தோழிகள் சேர்ந்து பிரிவுபசாரத்தில் கொடுத்தது. எட்டு மாதமாக அதை அவர் பயன்படுத்தினாரா? பாதுகாத்தார்! பட்டுத் துணியில் சுற்றி, பீரோவில் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் எடுத்துத் துடைத்து, மறுபடி சுற்றினார். மடக்கினால் ஒடிந்துவிடுமோ என்று ஒருநாளும் மடக்கிப் பார்க்கவில்லை. ஆயுத பூசையன்று மகள் சாந்தினிதான் சொன்னாள்: "ம்மா, இத கூடாரம் மாதிரி நிக்க வைக்கலாம்லா!" அக்கா கண்ணை மூடிக்கொள்ள, சாந்தினியே பாதி மடக்கி நிற்கவைத்தாள். நின்றது! திரையில் சரஸ்வதி படத்தைப் போட்டார்கள். பார்த்தார் அக்கா, பரவசமாகிவிட்டார். சாமி படங்களோடு சாமி படமாகப் பூசை மேடையில் ஏற்றிவிட்டார்!

ஏற்றினால் சும்மா விடுவோமா? சாமிக்குப் பொட்டு எங்கே வைப்போம்? நெற்றியில். கணினிக்கு நெற்றி எது? திரைக்கு மேலே நடு இடம்; கூடாரத்தில் அது கீழே கவிழ்ந்திருந்தாலும் நெற்றி நெற்றிதானே! அங்கேதான் அதன் கேமரா இருக்கிறது! வைத்தார் ஒரு சந்தனப் பொட்டு, என் கட்டைவிரல் அகலத்துக்கு. நிலைப்படிக்கு வைப்பது போல விளிம்பு முழுவதும் சந்தனம், அதன்மேல் குங்குமம். இரண்டு துளையும் அடைபட்டன. பிறகு பன்னீர். எங்கே? விசைப்பலகை மேல். பிறகு விபூதி. அது எங்கேயென்று கேட்காதீர்கள்.

பூசை முடிந்தது. அணைக்கலாமே? சாமியை எப்படி அணைப்பது! எடுத்து மின்சாரம் ஏற்றலாமே? படைத்ததை மறுநாள் மறுபூசை முடியும்வரை தொடக்கூடாதே! சரஸ்வதி அம்மாள் இரவு முழுக்க அருள்பாலித்தார். மின்கலமும் இரவு முழுக்கக் கரைந்தது. காலையில் மறுபூசை முடித்து எடுத்து நிமிர்த்தினால் ஐந்து விழுக்காடு மிச்சம். மின்சாரக் கம்பி உள்ளே போகவில்லை. விசைப்பலகையில் ஒரு விசை மாட்டிக்கொண்டு, யாரும் தொடாமலே ஒரே எழுத்தை வரிவரியாக எழுதிக்கொண்டிருக்கிறது!

காலை எட்டு இருபதுக்கு என் கடை வாசலில் நிற்கிறார் மீனாட்சி அக்கா. மூச்சு வாங்குகிறது. கணினியைக் குழந்தை போல நெஞ்சோடு அணைத்திருக்கிறார்.

"காமினி, ஒம்போது மணிக்கு இன்டர்வியூலா. என்னைக் காப்பாத்து."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பாய்ந்து வேலையில் இறங்கியிருக்க வேண்டும். நான் அசையவில்லை. ஏன் தெரியுமா? என் திருப்புளி, என் தூரிகை, என் இடுக்கி, துளை சுத்தம் செய்யும் என் மெல்லிய குச்சி எல்லாமே பொட்டு வைத்து, பூப் போட்டு, என் கடைப் பூசைத் தட்டில் படுத்திருக்கின்றன! மறுபூசைக்குப் பூசாரி வருவது பத்து மணிக்கு. மேடையில் உங்களைக் கிண்டல் செய்கிறேனே, அன்றைக்கு நானும் அதே ஆள்தான். தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பயம்தான். தொட்டால் வருடம் முழுக்கத் தொழில் படுத்துவிடுமோ என்ற பயம்.

அக்கா என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "எடுக்கக்கூடாதுன்னா வேணாம்மா, விடு" என்றார். அவ்வளவுதான். கோபமில்லை, கெஞ்சல் இல்லை. கணினியைப் பட்டுத் துணியில் சுற்றப் போனார். ஏழு இடத்தில் கேட்ட பதிலை எட்டாவதாக என்னிடமும் கேட்டுவிட்டுத் திரும்பப் போகிறார்!

அம்மா, எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. கருவியைக் கும்பிட்டது எதற்கு? கருவி கைகொடுக்க வேண்டும் என்றுதானே! கைகொடுக்க வேண்டிய நேரத்தில் தட்டில் படுத்திருந்தால் அது கருவியா, காட்சிப்பொருளா? கற்பூரத்தை ஏற்றினேன். "தாயே, பூசாரிக்கு முன்னாடி நான் முந்திக்கிறேன், கோவிச்சுக்காதே" என்றேன். ஒரே நிமிடத்தில் மறுபூசை. எடுத்தேன் திருப்புளியை!

என்ன கைத்தட்டல்! அன்றைக்குத் தட்டியிருந்தால் இன்னும் வேகமாக எடுத்திருப்பேன்.

துளையில் காய்ந்த சந்தனம் சிமெண்டாக இறுகிக் கிடக்கிறது. சுரண்டக்கூடாது, உள்ளே இருக்கும் நாக்கு ஒடிந்துவிடும். கணினியை அணைத்தேன். குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தடவி, ஊறவிட்டு, மணல் மணலாக எடுத்தேன். எட்டு நாற்பத்தெட்டுக்கு ஒரு துளை திறந்தது. கம்பி போனது. விளக்கு எரிந்தது! விசைப்பலகை? அதைக் கழற்றிச் சரிசெய்ய அரை நாள் வேண்டும். அப்போதுதான் அன்பர்களே, இந்த மெல்லிய கணினியின் மேன்மை எனக்கே புரிந்தது. பின்னால் மடக்கினால் விசைப்பலகை தானாகவே உறங்கிவிடும்! மாட்டிய விசையும் உறங்கும், மற்ற விசையும் உறங்கும், திரை மட்டும் விழித்திருக்கும். "அக்கா, நீங்களே முழுசா மடக்குங்க" என்றேன். "ஒடிஞ்சிரும்லா!" என்றார். "எட்டு மாசமா ஒடியும் ஒடியும்னு வச்சிருந்தீங்க. இப்ப மடக்குங்க!" மடக்கினார். ஒடியவில்லை.

கடைத்தெருவில் பாட்டுச் சத்தம் பொறி பறக்கிறது. எங்கே உட்கார்ந்து பேசுவது? பக்கத்துக் கடை சலேஹா, பணம் மாற்றுகிறவர், தன் கண்ணாடி அறைக் கதவைத் திறந்துவிட்டார். "உள்ள வாங்கக்கா, ஒம்போதரைக்குத்தான் நான் ஆரம்பிப்பேன்." அந்தக் கண்ணாடி அறை மேசை ஒரு முழ அகலம். சாதாரணக் கணினி என்றால் பாதி வெளியே தொங்கும். இது கூடாரமாக நின்றது, கச்சிதமாக!

ஒன்பது அடித்தது. நானும் சலேஹாவும் வெளியே நின்று, பணம் நீட்டும் துவாரத்தில் காதை வைத்தோம். மறுமுனையில் பயிற்சித் துறை மேலாளர் நூருல் ஹுதா. ஆங்கிலத்தில் வரவேற்றார். பிறகு கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவசரத்தில் நான் செய்த தவறு அது. பொட்டைத் துடைத்தேன், கேமராமேல் படிந்த சந்தன மஞ்சளைத் துடைக்கவில்லை. அக்கா அங்கே மஞ்சள் நீராட்டு விழாவில் இருப்பது போலத் தெரிகிறார்! நூருல் ஹுதா சிரித்துவிட்டுச் சரளமான தமிழில் கேட்டார்: "என்னக்கா, கேமராவுக்குச் சந்தனமா?"

போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த அம்மாள் விடவில்லை. "சரி, உங்க மெஷின்ல இப்ப என்னென்ன கோளாறு? நான் நேத்துச் சேர்ந்த புது ஆளுன்னு நெனச்சுக்கிட்டு எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்றார். வந்ததையா வேலை! மீனாட்சி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்து நான்கு வருடம் கோளாறு கண்டுபிடித்த கண் அல்லவா! துளை ஏன் அடைத்தது, ஈரம் எப்படி விசைக்குள் இறங்கியது, மடக்கினால் விசைப்பலகை ஏன் உறங்குகிறது, எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று நான் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒரே பார்வையில் பிடித்து, என்னைவிடத் தெளிவாகச் சொன்னார். தப்பு யாருடையது என்று கேட்டார் நூருல் ஹுதா. அக்கா சொன்னார்: "என்னோடதுதான். எட்டு மாசமா கும்பிட்டேன், ஒருநாளும் கத்துக்கல."

சபையோரே, அந்தக் கண்ணாடி அறைக்கு வெளியே நின்று நான் அழுதேன். சலேஹாவும் அழுதார். வாசலில் பணம் மாற்ற வந்து நின்ற வெள்ளைக்காரர் நாணய மதிப்பு விழுந்துவிட்டதோ என்று பயந்துபோனார்!

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. வேலை கிடைத்தது! தட்டுங்கள், இது மீனாட்சி அக்காவுக்கு!

ஐயா மணியை எடுத்துவிட்டார். இதோ முடித்துவிட்டேன் ஐயா. என் தீர்ப்பு இதுதான்: மெல்லிய கணினியையே வாங்குங்கள். அதன் குறைகளைத் தெரிந்து வாங்குங்கள். நினைவகத்தை இப்போதே போதுமான அளவு கேட்டு வாங்குங்கள். பொட்டு வையுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மூடியின் முதுகில் வையுங்கள். கேமராக் கண்ணையும் துளை மூக்கையும் அடைக்காதீர்கள். ஆனால் வாங்கிப் பூட்டி வைக்கப் போகிறோம் என்றால் ஒன்றுகூட வாங்காதீர்கள்! பயந்து தொடாத கைக்குப் பன்னிரண்டு கணினி எதற்கு? தொட்டுப் பழகும் கைக்கு ஒன்று போதாதா?

போன மாதம் அக்கா கடைக்கு வந்தார். வேலைக்குப் போகும் அவசரம். கணினியை மேசையில் வைத்தார். மூடியில் குறுக்கே ஒரு நீளக் கீறல். "என்னக்கா இது, இவ்வளவு பெரிய கீறல்?" என்றேன்.

அக்கா அதை விரலால் ஒருமுறை தடவினார். "கீறல் விழட்டும்லா காமினி. இப்பத்தான் இது எனக்குச் சொந்தமாச்சு" என்றார்.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுத்த மணிக்கும், சிரித்த முகங்களுக்கும், சிவந்த கரங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. தாய்மார்களே, இனி உங்கள் கை உயரட்டும். வணக்கம்!