மடங்கி மடங்கிப் போன கான்

செபஸ்தியன்: ...கயிறு கட்டித்தானே குடுத்தேன், காளிதாஸ்? தண்ணி வடிய நேரா ஒரு கான். நீ வெட்டி வச்சிருக்கிறது என்ன? உன் மண்ணு வெட்டுற மெஷினுக்குக் கிறுக்கா?

காளிதாஸ்: நேராத்தான் அங்கிள் ஆரம்பிச்சேன். பக்கெட்டு தானா வளைஞ்சு போவுது. அந்த வழியிலதான் மண்ணு பொலபொலன்னு...

செபஸ்தியன்: காலையிலயே தண்ணி போட்டுட்டியா?

காளிதாஸ்: அலமாக்! நல்லாப் பாருங்க. பத்தடிக்கு ஒரு மடக்கு. எங்க மாமா பட்டாளத்துல இருந்தவரு. சண்டைக்கு வெட்டுற குழி இப்பிடித்தானாம். ஒரு மூலையில குண்டு விழுந்தா, அடுத்த மூலையில உள்ளவன் பொழைப்பான்.

செபஸ்தியன்: இந்த லாயாங் லாயாங் ஊர்ல செம்பனைக் கன்னு மேல எவன்டா குண்டு போடுறான்? முந்நூறு கன்னு லா. மழை சீசன் வந்தாச்சு. வேர்ல தண்ணி நின்னா அம்புட்டும் அழுகிரும்.

காளிதாஸ்: நிக்கத்தான் போவுது.

செபஸ்தியன்: வாயக் கழுவு!

காளிதாஸ்: விடியக்காலையில பெஞ்ச மழைக்குக் கான்ல ஒரு சொட்டு இல்ல, பாத்தீங்களா?

செபஸ்தியன்: வடிஞ்சிருக்கும்.

காளிதாஸ்: எங்க வடியும்? ஆத்துல இன்னும் சேக்கவே இல்லையே. கரையப் பாருங்க... கோரிக் கோரி வெளிய ஊத்தியிருக்கு. எல்லாம் உங்க கன்னு மேல.

செபஸ்தியன்: பன்னி கெளறியிருக்கும்.

காளிதாஸ்: பன்னியா பால் டின்னு வச்சுக் கோரும்? அந்தா, கெடக்குது டின்னு. துருப்புடிச்சது.

செபஸ்தியன்: எவனாவது வீசிட்டுப் போயிருப்பான்.

காளிதாஸ்: நீங்க தண்ணி உள்ள போகணும்னு வெட்டச் சொல்றீங்க. உள்ள இருக்கிறவங்களுக்குக் காலு நனையக் கூடாது.

செபஸ்தியன்: உள்ள யாருடா இருக்கா? பேசாம மூடிட்டு, தள்ளி நேரா ஒண்ணு வெட்டு.

காளிதாஸ்: அப்ப நேத்து கானுக்குள்ள எட்டிப் பாத்துட்டு ஏன் தொப்பியக் கழட்டினீங்க?

செபஸ்தியன்: வேர்த்துச்சு.

காளிதாஸ்: ம்ம்... எனக்கும் வேர்த்துச்சு. ஒண்ணு சொல்றேன், ஏசாதீங்க. மேட்டுல காலையிலயே இன்னொரு குழி வெட்டிட்டேன். இதே மாதிரி மடக்கி. அங்க தண்ணி ஏறாது. ஒவ்வொருத்தரா மாறிப் போயிட்டாங்க. ஆறு பேரு. இப்ப பழசை மூடிரலாம்.

செபஸ்தியன்: மூடாத! ஏழு பேரு. அந்தக் காலத்துச் சண்டையில ஜப்பான்காரன் வெட்டச் சொல்லி, கரை சரிஞ்சு உள்ளயே போனவங்க... ஏழாவது ஆளு எங்க தாத்தா. ஒரு காலு நொண்டி, மெதுவாத்தான் ஏறுவாரு. மெஷின ஆஃப் பண்ணு, சத்தத்துக்குப் பயப்படுவாரு.