விடுதலைப் பத்திரம்

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் ஏட்டையா தங்கமான மனிதர். ஆனால் ஸ்டேஷனுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவிடம் வாய்தா என்றால் அபராதம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வாய்தா என்றால் ‘இன்றைக்கு இல்லை, இன்னொரு நாள் வா’ என்று அர்த்தம். புதுக்கோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாகவே தலை நரைத்தவன் நான். இப்படித் தப்பாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

கோர்ட்டு பாஷையைக் கஞ்சி மாதிரி கரைத்துக் கொடுப்பேன் என்று ஆவூரில் எனக்குப் பெயர். என் தங்கை சந்தனமேரிக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். கட்டினவன் விட்டுவிட்டுப் போன பிறகு அவள் அப்பா வீட்டில் என்னோடு இருந்தாள். அப்பா இறந்ததும் நானே உட்காரவைத்துச் சொன்னேன்: "உயில் இல்லன்னா மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி, ஆத்தா."

‘எனக்கு எதுக்குண்ணே, நீங்களே வச்சுக்கங்க’ என்பாள் என்று நினைத்தேன். பாசமுள்ள தங்கை அதைத்தான் சொல்வாள். இவள், "அப்ப நான் எங்கிட்டும் போக வேண்டாம்ல?" என்று சிரித்தாள். மறுவாரமே தன் பக்கத்துச் சுவருக்கு வெள்ளையடித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. முதலில் துரோகம் செய்தது யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்போது அவள் மேல் ஒரு கேஸ் இருந்தது. குழாயடிச் சண்டையில் குடத்தால் ஒருத்தி மண்டையை உடைத்துவிட்டாள். வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி வந்து கோர்ட்டு வாசலில் காய்ந்தாள். "எனக்கு எப்பண்ணே விடுதலை?" என்று என்னைக் கண்ட இடத்திலெல்லாம் கேட்பாள்.

கேட்டதைக் கொடுத்தேன். சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. பத்திர ஆபீஸில் தலைப்பை அவளே எழுத்துக்கூட்டிப் படித்துக் கண் கலங்கினாள். "உங்க இஷ்டப்படிதான் விடுதலை எழுதுறீங்களாம்மா?" என்று பதிவாளரும் முறையாகக் கேட்டார்.

"ஆமாங்க, இதுக்குத்தானே நாயா அலைஞ்சேன்" என்று கும்பிட்டாள். திரும்பும்போது எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தாள்.

"இனி வாய்தாவுக்குப் போக வேண்டாம்லண்ணே?"

"விடுதலை ஆனவங்க எதுக்குப் போகணும்?" என்றேன். பாருங்கள், இது பொய் இல்லை. கேள்வி.

அடுத்த வாய்தாவில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் வராந்தாவில்தான் நின்றேன். அதற்கடுத்ததிலும் அவள் வரவில்லை, பிடிவாரண்ட் போட்டார்கள். போலீஸாருக்கு வீடு தெரியவில்லை, நான்தான் கூட்டிப்போனேன்.

"எனக்கு விடுதலை ஆயிருச்சுங்க. அண்ணன்கிட்ட கேளுங்க" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பிடிவாரண்ட்டுன்னா, வராதவங்களக் கூட்டியாரச் சொல்றது, ஆத்தா" என்று நிதானமாக விளக்கினேன். என் முகத்தைப் பார்த்தபடியே ஜீப்பில் ஏறினாள்.

சிறைக்குப் போய்ப் பார்த்தேன். "ஜாமீன்னா என்னண்ணே?" என்றாள்.

"இவங்களுக்கு நாங்க பொறுப்புன்னு வெளியில இருக்குற ரெண்டு பேரு கையெழுத்துப் போடுறது. அதுல ஒருத்தரு ரத்த சொந்தமா இருக்கணும்பாங்க."

"அப்ப நீங்க இருக்கீங்கல்ல" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த வாரமே வீட்டை விற்றேன். மழைக்காலம் முழுக்க உள்ளே கிடந்து, கேஸ் முடிந்து அவள் வந்தபோது, வெள்ளையடித்த சுவருக்குப் பின்னால் வேறு குடும்பம் சமைத்துக்கொண்டிருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தேதான் செய்தேன். அவள் உள்ளே இருந்தால்தான் வீடு காலியாகும், அதனால் ஜாமீனுக்குப் போகவில்லை. ஆனால் எந்த வார்த்தைக்கும் அவளுக்கு நான் தப்பாக அர்த்தம் சொன்னதில்லை. அவளே புகார் கொடுத்ததுதான் மனசை அறுக்கிறது.

இனி என்னை ரிமாண்ட் செய்வீர்கள். ஜாமீனுக்கு ரத்த சொந்தம் கேட்பார்கள். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்குச் சந்தனத்தை விட்டால் யார் இருக்கிறார்கள்? அவளுக்குச் சொல்லி அனுப்புங்கள், வந்துவிடுவாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே.