அஷ்டமியில் அளக்கச் சொன்ன தண்டல் ஹபீப் முகம்மது

தலைமை ஏற்றிருக்கும், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார் குழந்தைவேலு அவர்களே, கோயில் கமிட்டித் தலைவர் பழனியாண்டி அவர்களே, அண்ணனைப் பறிகொடுத்து நிற்கும் ஈசா தம்பி அவர்களே, நிப்பாத் தீவிலிருந்து பெயர்க்கப்பட்டு இந்தக் கம்பி வேலிக்குள் குடியேறியிருக்கும் நாற்பத்திரண்டு குடும்பத்தாரே! ஐந்து மணி வரை நாம் கூடியிருக்கலாம் என்ற அனுமதிச் சீட்டோடு பின்னால் நிற்கும் காவலர் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் மருதம்மாளின் வணக்கம். கணவரை இழந்து, வெளியே வராமல் இத்தாவில் இருக்கும் கரீமா அக்காவுக்கு, இங்கே பேசப்படுவதை வீட்டுக்குப் போய் நானே சொல்வேன்.

தண்டல் ஹபீப் முகம்மது யார்? புக்கிட் செலம்பாவ் தோட்டத்து ரப்பரைத் தொங்கான் என்னும் சரக்குப் படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோன படகுத் தலைவர் என்பார்கள். அது மட்டுமா? தீவை விட்டு நம்மைக் கிளப்பிய அன்று, நம் முருகனின் வேலாயுதத்தை யார் படகில் ஏற்றுவது என்று தயங்கி நின்றோமே, நினைவிருக்கிறதா? துவைத்த வேட்டியை விரித்துத் தன் தொங்கானில் இடம் போட்டவர் அவர்! "செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கடா, சாமி இருக்கு" என்று தன் ஆட்களை அதட்டியவர் அவர்!

எதற்காகக் கிளப்பினார்கள்? தீவுத் துறையில் இறங்கும் அரிசி காட்டிலிருக்கும் கலகக்காரர்களுக்குப் போகிறது, அவசரகாலம், துறையை இந்தக் கரைக்கு மாற்றுகிறோம் என்றார்கள். மாற்றினார்கள். காலியான தீவுக்கரையில் என்ன வந்தது? பூங்கா வந்தது! உலாவப் பாதை வந்தது! துரைமார் தங்க விடுதி வந்தது! நமக்கு என்ன வந்தது? சேறு வந்தது!

துரைமாரை மட்டும் குறை சொல்லிவிட்டு உட்கார என்னால் முடியவில்லை. புதுத் துறைக்கு ஆழம் பார்க்க எந்த நாள் வரட்டும் என்று அவர்கள் நம்மைத்தான் கேட்டார்கள். நாம் நானா என்று அழைத்த தண்டல் அன்றே சொன்னார்:

"அஷ்டமியில வரச் சொல்லுங்க. அன்னிக்குத்தான் தண்ணி கம்மியா ஏறும். அன்னிக்குத் தொங்கான் சேந்தா என்னிக்கும் சேரும்."

"நானா, உங்களுக்கு அஷ்டமி நவமி கிடையாதுலா. எங்களுக்கு நல்ல காரியம் ஆகாது" என்றது கமிட்டி.

"கம்பை விட்டு ஆழம் பாக்கறதுலா! கல்யாணமா பண்ணப் போறீங்க?"

சிரித்தோம். அதிகம் சிரித்தவள் நான். ஒரு விரதமும் தவறாதவள் என்ற மிதப்பில், "நல்ல வார்த்தையாச் சொல்லுங்க நானா" என்று அவர் வாயை அடைத்தவளும் நான்தான்.

மாசி மகத்துக்கு வரச் சொன்னோம். பௌர்ணமி, உச்சி வேளை. கடல் பொங்கி நிற்காமல் என்ன செய்யும்? கம்பு முழுசாக முழுகியது. "பாகூஸ், பாகூஸ்!" என்று மலாய்மொழியில் மெச்சினார் துரை. சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக் கை தட்டினோம். நானா மட்டும் தட்டவில்லை.

பிறகு நடந்ததை வீட்டு நாட்காட்டியில் குறித்து வந்திருக்கிறேன். நான்கு மாதத்தில் முப்பத்தொரு நாள் தொங்கான் கரை சேரவில்லை. அத்தனையும் அஷ்டமியை ஒட்டிய நாட்கள். அந்த நாட்களில் நீர் ஏறுவதே கொஞ்சம். அதுவும் விடியும் முன்னும் பொழுது சாயும்போதும். இரண்டும் ஊரடங்கு நேரம்!

போன அஷ்டமி அன்று தரைதட்டிப்போன படகைத் தள்ள இறங்கிய நானா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தார். அவர் படகு ஆள் முனியாண்டி தூக்கிக்கொண்டு வந்தபோது மணி ஆறு கடந்து வேலிக் கதவு மூடியிருந்தது. மேலிடத்து உத்தரவு வரட்டும் என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து உத்தரவு வந்தது. அவர் இல்லை! "தொங்கானைக் கட்டிட்டியா?" என்று கேட்டாராம் முனியாண்டியிடம். அதுதான் கடைசிப் பேச்சு.

மறுபடி அளக்கச் சொல்லி அவர் போட்ட பதினோராவது மனுவுக்கு, அவரை அடக்கம் செய்த மறுநாள் பதில் வந்தது. ஒரே ஒரு முறை மறுபடி அளப்பார்களாம். நாள் நாம் குறிக்க வேண்டுமாம். ஆழம் போதாவிட்டால் துறையை மாற்றுவார்களாம். போதும் என்று மறுபடி கண்டால், துறை இங்கேயேதான். அப்படியானால் படகுகளை வேறு ஊருக்குக் கொண்டுபோவேன் என்கிறார் தொங்கான்களின் முதலாளி. நாற்பத்திரண்டு வீட்டுக்கும் பிழைப்பு இல்லை.

நேற்று கமிட்டி கூடி எந்த நாளைக் குறித்தது தெரியுமா? அடுத்த பௌர்ணமியை! நல்ல நாளாம்! ஒரு மனிதரை மண்ணுக்குக் கொடுத்த பிறகும் நல்ல நாளா? ஐயா பழனியாண்டி அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நான் கும்பிடும் முருகன் அஷ்டமியிலும் முருகன்தான். உண்மையைக் காட்டுகிற நாளைவிட நல்ல நாள் எது?

வருகிற அஷ்டமி, பொழுது சாயும் வேளை. ஊரடங்கு என்றால் துரையே நமக்குப் பாஸ் எழுதட்டும். அளவுக்கம்பின் பக்கத்தில் சேற்றில் நான் நிற்பேன். தண்ணீர் என் முழங்காலைத் தாண்டுகிறதா என்று அவரே பார்க்கட்டும்! நானாவுக்கு நான் செலுத்தும் அஞ்சலி அதுதான்.

பதில் கடிதத்தை எழுதிவிட்டேன். நாள் என்ற இடத்தில் அஷ்டமித் தேதியைப் போட்டிருக்கிறேன். முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது இடத்தைக் கமிட்டித் தலைவருக்காக விட்டிருக்கிறேன். பேனா இதோ இருக்கிறது, ஐயா.