ஏழாம் படியின் விதிகள்

மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், சார். கீறல் விழும். சோப்பு நீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் கேட்பதில்லை.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் எனக்கு வேலை. முன்பக்கம் பளபளவென்று அலமாரி, நாற்காலி, சிரித்த முகமாக இரண்டு பெண்கள். பின்பக்கம் நானும் லென்ஸ் தேய்க்கும் இயந்திரமும். தேய்க்கும்போது தண்ணீரோடு வெள்ளைச் சேறு வழியும். அந்தச் சேறுகூட எனக்குச் சுத்தம்தான். பழுதுபார்க்க வரும் கண்ணாடிகள்தான் சகிக்காது. மூக்கில் அமரும் பட்டைகளில் பச்சையாகப் படிந்த அழுக்கு, கீலில் சிக்கிய இமைமுடி, காதோரக் காம்பில் உரிந்த தோல். மனிதர்கள் வயதானால் எங்கேயாவது கசியத் தொடங்கிவிடுகிறார்கள். நான் அடிக்கடி கை கழுவுவதைப் பார்த்து அந்தப் பெண்கள் எனக்குச் ‘சோப்பு டப்பா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் கேட்டது அக்காவைப் பற்றி. அதற்கு ‘ஏழாம் படிக் கூட்டாளிகள்’ பற்றிச் சொல்லியாக வேண்டும். நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது வந்த துப்பறியும் புத்தகங்கள். மொத்தம் இருபத்திரண்டு. கேப்டன், குண்டூசி, ரேடியோ, தூங்குமூஞ்சி என்று நான்கு பிள்ளைகள் ஒரு பழைய கட்டிடத்தின் ஏழாவது படியில் கூடி மர்மங்களைத் துப்புத் துலக்குவார்கள். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் அவர்களுடைய விதிகள் அச்சிட்டிருக்கும். வாசகருக்குத் தடயத்தைக் காட்டாமல் விடையைச் சொல்லக் கூடாது. தடயத்தை அழிப்பவன் நம் ஆள் இல்லை. மூன்று முறை தட்டினால் ஆபத்து, வா. ஒருமுறை தட்டினால் கேட்டது, வருகிறேன். பதில் கிடைத்த பிறகு மறுபடி தட்டக் கூடாது, எதிரிக்குக் கேட்டுவிடும்.

அக்காவும் நானும் அதைச் சின்ன வயதோடு விட்டுவிடவில்லை. இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பா அம்மா போன பிறகு அதே இரண்டாம் மாடி வீட்டில்தான் இருந்தோம். குளியலறையில் கரப்பான்பூச்சி வந்தால்கூட அவள் கதவை மூன்று முறை தட்டுவாள். நான் சுவரை ஒருமுறை தட்டிவிட்டுத் துடைப்பத்தோடு போவேன்.

இருபத்திரண்டாவது புத்தகத்தோடு எழுதியவர் நிறுத்திவிட்டார். நாங்கள் தொடர்ந்தோம். இணையத்தில் ஒரு கதைத் தளத்தில், வெள்ளிக்கிழமைக்கு ஓர் அத்தியாயம், பத்தொன்பது வருடம். ஒற்றைப்படை எண் அவளுடையது, இரட்டைப்படை என்னுடையது. ஒருவர் எழுதியதை மற்றவர் மாற்றக் கூடாது என்பது நாங்களாகச் சேர்த்த விதி. ஆயிரத்துச் சொச்சம் பேர் படித்தார்கள். பாதிப் பேர் எழுதும் கருத்தைப் படித்தால் குளிக்கத் தோன்றும். கேப்டனுக்கும் குண்டூசிக்கும் முத்தம் வையுங்கள் என்று கேட்பார்கள். பதினோரு வயதுப் பிள்ளைகள், சார். பத்தொன்பது வருடத்தில் அவர்களுக்கு ஒரு பிறந்தநாள்கூட வராமல் நான் பார்த்துக்கொண்டேன். ஒரு பல் விழவில்லை. ஒரு பரு வரவில்லை.

அக்கா பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள். போன வருடம் ஓய்வு பெற்றாள். அதற்குப் பிறகுதான் மாறினாள். சாப்பிடும்போது பல்லிடுக்கில் காற்றை இழுத்துச் சத்தம் போடுவாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்த கையோடு புத்தகத்தைத் தொடுவாள். என் இருபத்திரண்டில் ஏழு புத்தகங்களில் அந்த எண்ணெய்க் கறை இருக்கிறது. பொறுத்துக்கொண்டேன். கூடப் பிறந்தவளாயிற்றே.

971ஆம் அத்தியாயம் வெளியான அன்று மாலை தன் நோட்டை என் முன்னால் வைத்தாள். 973 எழுதி முடித்துவிட்டாள். அவள் எப்போதும் கையால்தான் எழுதுவாள், பதிவேற்றுவதற்கு முதல் நாள் மாலை தட்டச்சு செய்வாள்.

படித்தேன். நாற்பது வருடம் கழித்து நான்கு பேரும் சந்திக்கிறார்கள். கேப்டனுக்குத் தொப்பை. ரேடியோவுக்குக் காது கேட்கவில்லை. குண்டூசியும் தூங்குமூஞ்சியும் கணவன் மனைவி. அவன் கழற்றிக் கொடுக்கும் பல்செட்டை அவள் குழாயடியில் கழுவுகிறாள். கழுவும்போது சிரிக்கிறாள். அந்தப் பல்செட்டில் ஒட்டியிருந்த பருக்கையைக்கூட அக்கா விட்டுவைக்கவில்லை. எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

“என்னடா, பிடிக்கலையா?”

“இதோட கதை முடிஞ்சு போகுமே அக்கா.”

“முடியட்டும்டா. எவ்வளவு நாளைக்குத்தான் அதுங்களை அந்தப் படியிலேயே உட்கார வெச்சிருக்கிறது? பாவம், வளரட்டும். நமக்கும் வயசாகுதுல்ல.”

“கொஞ்சம் யோசிக்கலாமே.”

“யோசிச்சுதான் எழுதினேன். என் முறை, நான் எழுதிட்டேன். நீ மாத்த முடியாது, தெரியும்ல?”

தெரியும். விதி விதிதான்.

அடுத்த வெள்ளி என் 972. அதற்கு அடுத்த வெள்ளி அவளுடைய 973. இரண்டு வாரம் இருந்தது. அவளுக்குக் கண் பரிசோதனை முடிந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு என் பையில்தான் கிடந்தது. சிறு வயதில் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவளுக்கு, இத்தனை வருடமும் நான்தான் கண்ணாடி செய்துகொடுத்தேன்.

பைஃபோக்கல் கண்ணாடி உங்களுக்குத் தெரியும். மேல்பகுதி தூரத்துக்கு, கீழே உள்ள அரைவட்டம் படிப்பதற்கு. அரைவட்டத்தின் மேல்கோடு கீழிமைக்கு நேராக நிற்க வேண்டும். நான் அதை ஐந்து மில்லிமீட்டர் உயர்த்தினேன். அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும்போது சுகமாகவே இருக்கும். படியிறங்கும்போது மட்டும் காலடி மங்கும், படி இருக்கும் இடத்தைவிட மேலே இருப்பதுபோல் தோன்றும். 972-க்கு முந்திய புதன்கிழமை கொடுத்தேன்.

“என்னடா இது, படியெல்லாம் ஏறி ஏறி வருது?”

“புதுசில்லையா? ரெண்டு வாரத்துல பழகிடும்.”

கடையில் எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவளுக்கும் சொன்னேன்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மணிக்கட்டு முறிந்தால் போதும். ஆறு வாரம் கட்டுப் போடுவார்கள், அதற்குள் பேசி மனதை மாற்றிவிடலாம். ஒரு கையாலும் தட்டச்சு செய்யலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

எல்லோரும் என்னை முட்டாள் என்று நினைப்பது 972-க்காக. விதிப்படி தடயத்தை முன்னால் வைக்க வேண்டுமே. அதனால் அந்த அத்தியாயத்தில் ரேடியோவின் பாட்டு வாத்தியார் மாடிப்படியில் உருண்டு விழுகிறார். குண்டூசி அவருடைய கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்க்கிறாள். “அரைவட்டம் ஏன் இவ்வளவு மேலே இருக்கிறது?” என்று கேட்கிறாள். விடை 974-இல். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டால் கெடட்டும், வாசகரை ஏமாற்றிவிட்டு அந்தப் பிள்ளைகளின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

வழக்கம்போல அக்காதான் பிழை திருத்தினாள். அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையில் பென்சிலோடு, மூன்று ஒற்றுப் பிழைகளைக் கண்டுபிடித்தாள். கடைசிப் பக்கத்தில் சிரித்தாள்.

“தடயத்தை இப்படிப் பளிச்சுன்னு வெச்சுட்டியேடா. சின்னப் புள்ளகூடக் கண்டுபிடிச்சிடும்.”

நான் அப்போது அவளுடைய மூக்கின் மேலிருந்த அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

973-க்கு முதல் நாள், வியாழக்கிழமை, கடைக்கு விடுமுறை. நான்கு மணிக்கு அக்கா நடக்கப் போவாள், வந்து தட்டச்சு செய்ய உட்காருவாள். அந்த நேரத்தில் கட்டிடத்தில் வேறு யாரும் இருப்பதில்லை. எங்கள் மாடியிலிருந்து முதல் மாடிக்குப் பதினான்கு படிகள். அன்று அவள் கிளம்பியதுமே சத்தம் கேட்டது. கதவைத் திறந்து கைப்பிடிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கீழிருந்து மூன்றாவது படியில் தலை இருந்தது. ஏழாவது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பொய் சொல்லக் கூடாது. காதிலிருந்து ஏதோ வழிந்துகொண்டிருந்தது. வாயிலிருந்தும். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கை கழுவினேன்.

ஆறு மணிக்குக் கீழ்வீட்டு நர்ஸ் வேலை முடிந்து வந்து பார்த்தாள். அலறியதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அவள்தான். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று மருத்துவர் சொன்னார். மருத்துவர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள்.

மறுநாள் தளத்தில் இரண்டு வரி எழுதினேன்: அக்கா படியில் தவறி விழுந்து காலமானாள், 973 வராது. அனுதாபம் கொட்டியது. ‘பென்சில் மீசை’ என்ற பெயரில் எழுதும் வாசகர் ஒருவர், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவராம், அனுதாபம் எழுதவில்லை. உங்கள் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதினார்: அந்த அம்மாவின் கண்ணாடியை அளந்து பாருங்கள். மேசை இழுப்பறையில், துடைத்து, உறையில் போட்டு வைத்திருந்தேன். நீங்கள் வந்து கேட்டதும் எடுத்துக் கொடுத்தேன். அதை உடைத்துப் போட எனக்குப் பத்து நாள் அவகாசம் இருந்தது. தடயத்தை அழிப்பவன் நம் ஆள் இல்லையே, சார்.

அவ்வளவும் உங்கள் கோப்பில் இருக்கிறது. இல்லாதது ஒன்று இருக்கிறது. முழுதாகச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், அதனால் சொல்கிறேன்.

நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போது படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியை யாரோ தட்டினார்கள். மூன்று முறை. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி மூன்று முறை. மோதிரத்தால் தட்டியிருக்க வேண்டும், இரும்பு வழியாக எங்கள் வாசல்வரை துல்லியமாகக் கேட்டது. குழாயை மூடினேன். வாசலுக்குப் போய்க் கதவை ஒருமுறை தட்டினேன். பிறகு மேசையில் உட்கார்ந்து 974-ஐ எழுதத் தொடங்கினேன். நர்ஸ் அலறும்வரை எழுதினேன். தடங்கலே இல்லை, நன்றாக வந்தது.

அக்காவை நான் தனியாகத் தவிக்க விட்டேன் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு எங்களைத் தெரியாது. ஒரு தட்டுக் கேட்டதும் அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டாள், சார். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. கடைசிவரை அவளும் கதையின் பக்கம்தான் இருந்தாள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?