பெரியாமையும் பெரியம்மாவும்

இந்த மணவிழாவுக்குத் தலைமை தாங்கி, போட்ட மாலைகளின் கனத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருக்கும் மதிப்புக்குரிய ஐயா வரதராஜுலு அவர்களே, சோமனூர்த் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே குரலை வளர்த்துக்கொண்ட பெரியோர்களே, அந்தக் குரலையும் ஒரே பார்வையில் அடக்கி வீட்டை ஆளும் தாய்மார்களே, பந்தியில் இடம் பிடிக்க ஒரு காலை வாசலில் வைத்திருக்கும் வாலிபர்களே, வீடியோக்காரர் விளக்கின் வெப்பத்தில் வெந்துகொண்டிருக்கும் மணமகன் கவின் அவர்களே, மணமகள் புவனா அவர்களே, முன்வரிசையில் முறுக்கு மென்றுகொண்டிருக்கும் மணமகளின் பெரியம்மா பழனியாத்தாள் அவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மணமக்களை வாழ்த்த எனக்குக் கொஞ்ச நேரம் தந்திருக்கிறார்கள். வாழ்த்திவிட்டேன். மிச்சமிருக்கும் நேரத்தில் கடலைப் பற்றிப் பேசப்போகிறேன்.

"வறுத்ததுங்களா, அவிச்சதுங்களா?" என்று அங்கே ஒருவர் கேட்கிறார். ஐயா, நான் சொல்வது கடலை அல்ல, கடல். கரை காணாத கடல், கண் காணாத கடல், கொங்கு நாட்டான் கருவாட்டுக் குழம்பில் மட்டுமே கண்ட கடல். நமக்கும் கடலுக்கும் என்ன உறவு? கொண்டு கொடுத்த உறவா? கொடுத்து ஏமாந்த உறவா? எந்த உறவும் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உறவு உண்டு. அந்த உறவை ஏற்படுத்தியவர் இதோ, என் அருகில் பட்டு வேட்டியில் அமர்ந்திருக்கிறாரே, மணமகளின் தந்தை, என் பால்ய நண்பர் அங்கப்பன், அவரேதான்.

இன்று காலை முகூர்த்தம் முடிந்ததும் மணமகள் என்னைத் தனியே அழைத்தாள். தாரை வார்க்கும்போதுகூடக் கலங்காத கண் அப்போது கலங்கியிருந்தது. "மாமா, வாசல்ல மறுபடியும் பிளாஸ்டிக் பையா அடுக்கி வெச்சிருக்காங்க. அப்பா நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறாங்க. அக்கா பேரு போன எடத்துக்கு எம்பேரும் போக வேண்டாங்க மாமா" என்றாள். மணக்கோலத்தில் நிற்கும் பெண் ஒன்று கேட்டால் மறுக்க முடியுமா? ஆகவே, அங்கப்பன் முறைத்தாலும் பேசுவேன். மைக்கை நிறுத்தினாலும் பேசுவேன். என் தொண்டையும் தறிப்பட்டறைத் தொண்டைதான்.

அக்கா பேர் எங்கே போனது? கேளுங்கள்.

போன ஐப்பசியில் இதே மண்டபத்தில் மூத்தவள் ரித்திகாவுக்கும் மாப்பிள்ளை மோகன்குமாருக்கும் திருமணம். தாம்பூலப் பை எதில் கொடுப்பது என்று பேச்சு வந்தது. கொல்லையில் தறி ஓடுகிறது, கிடங்கில் வெளுக்காத காடாத் துணி கூரை வரை குவிந்து கிடக்கிறது. ஆனால் அங்கப்பன் சொன்னார், "துணிப்பை குடுத்தா, ஊட்டுல கெடந்ததக் கிழிச்சுக் குடுத்துட்டான்னு பேசுவாங்க." ஊருக்கெல்லாம் உடுத்தத் துணி நெய்கிற மனிதர், தன் துணியில் ஒரு தேங்காயைக் கட்டிக் கொடுக்கக் கூச்சப்பட்டார். வந்தது பளபளக்கும் பிளாஸ்டிக் பை. அதில் மணமக்கள் பெயர், அங்கப்பன் பெயர், ஊர்ப் பெயர், எஸ்.டி.டி. கோடு போட்டுத் தொலைபேசி எண். வாங்கிப் போனவர்கள் போக, மீந்த பைகளை மண்டபத்துக்குப் பின்னால் நொய்யல் கரையில் கொட்டினார்கள். மழை வந்தது. பைகள் புறப்பட்டன. நொய்யலில் இறங்கி, காவிரியில் கலந்து, முக்கொம்பில் கொள்ளிடத்துப் பக்கம் திரும்பி, வழியில் யாரிடமும் விலாசம் கேட்காமல் வங்கக் கடலுக்கே போய்ச் சேர்ந்தன.

மாசி மாதம். நம் பெரியம்மா பழனியாத்தாள் டூரிஸ்ட் வேனில் கீழ்க்கோடிக் கடலோரக் கோயில்களுக்குப் போயிருந்தார். மொட்டை போடுவதாக வேண்டுதல். அவர் போன இரண்டாம் நாள் அங்கப்பன் வீட்டுத் தொலைபேசி அடித்தது. நான் அப்போது அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பேசியவர் கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாற்றிலிருந்து ஒரு மீனவர், சின்னான் என்று பெயர். நம்மிடம் சண்டை போடத்தான் கூப்பிட்டார், பாவம். ஆனால் லைனில் கரகரப்பு, கடலோரத்தில் காற்று.

அவர் சொன்னது இது: "பெரியாமை ஒண்ணு செத்துக் கரை ஒதுங்கிக் கெடக்கு. வயித்துல ஒங்க பை."

நம்மவர் காதில் விழுந்தது இது: "பெரியம்மா செத்துக் கரை ஒதுங்கிக் கெடக்கு. கையில ஒங்க பை."

தாய்மார்களே, பெரியம்மா உயிரோடுதான் இருக்கிறார், முறுக்குச் சத்தம் இங்கே வரை கேட்கிறது, பதற வேண்டாம். ஆனால் அன்று அங்கப்பன் பதறினார். எப்படி ஆச்சு என்று கேட்டார். "முட்டை போட வந்த எடத்துல போயிருச்சுங்க" என்றார் சின்னான். நாம் முட்டையை எப்படிச் சொல்வோம்? மொட்டை என்போம். அவரும் அப்படித்தான் சொன்னார். மொட்டை போடப் போனவரைப் பற்றி மொட்டை போட வந்த இடத்தில் போய்விட்டது என்று சொன்னால் அப்புறம் சந்தேகம் எங்கிருந்து வரும்? தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது என்றும் சொன்னார். அங்கப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா கொஞ்சம் பூசுன ஒடம்புதானுங்க" என்றார். புதைத்துவிடட்டுமா என்று கேட்டார் சின்னான். "நாங்க வாரவரைக்கும் புதைச்சுப்போடாதீங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று அங்கப்பன் கெஞ்சினார். ஓர் ஆமைக்காகக் கோயமுத்தூரிலிருந்து குடும்பத்தோடு கிளம்பி வருகிறார்களே, இவர்களைப் போய்த் திட்ட நினைத்தோமே என்று சின்னான் மனம் உருகிப் போனாராம்.

வேன் பிடித்தோம். அங்கப்பனின் மனைவி சென்னியம்மாள் தன் அக்காவுக்காகப் பிறந்த வீட்டுக் கோடிச்சேலை எடுத்துக்கொண்டார், பருத்தியில், பச்சைக் கரை போட்டது. கரூர் வரை ஒரு ஒப்பாரி, திருச்சி வரை ஒரு ஒப்பாரி, அதற்கு மேல் தொண்டை கட்டிவிட்டது. பழையாற்றுக் கரையில் இறங்கி ஓடினோம். கூட்டம் விலகியது. மணலில் கிடந்தது ஆமை.

என்ன சொன்னோம் தெரியுமா? "அட, ஆமைதானா" என்றோம். சிரித்தோம். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். செத்த வீட்டில் சம்பந்தமில்லாமல் சிரித்த சோமனூர்க்காரர்களைச் சின்னான் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, அறுத்த வயிற்றிலிருந்து எடுத்த பையை விரித்துக் காட்டினார். ரித்திகா, மோகன்குமார், இரண்டு பெயரும் அப்படியே இருந்தன. அங்கப்பன் என்ன சொன்னார்? "பிரிண்டு நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றார். முறைக்காதே அங்கப்பா, சொன்னாயா இல்லையா? அதே வயிற்றில் அந்தப் பைக்குப் பக்கத்தில், போட வந்து போடாமல் போன முட்டைகள் வெள்ளை வெளேரென்று நிறைந்து கிடந்தன. அதைப் பார்த்ததும் எங்கள் சிரிப்பு நின்றது.

சின்னான் சத்தமே போடவில்லை. "கல்யாணம் ஒங்களுது. சாவு எங்களுதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்பர்களே, கடலில் சொறி என்று ஓர் உயிர் உண்டு, ஜெல்லி மீன் என்பார்களே, அதுதான். எலும்பு கிடையாது, நிறம் கிடையாது, நெருங்கினால் அரிப்பு. உங்கள் சொந்தத்தில் யாராவது நினைவுக்கு வந்தால் பெயர் சொல்லிவிடாதீர்கள். ஆமைக்கு அந்தச் சொறி அல்வா மாதிரி. தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பை அச்சு அசல் சொறி போலவே இருக்கும். ஆமை அதை விழுங்கும். விழுங்கியதைத் துப்ப முடியாது, அதன் தொண்டையில் முள்ளெல்லாம் உள்பக்கம் பார்த்து இருக்கிறது. குடல் அடைபடும். வயிறு நிறைந்திருக்கும், உயிர் பட்டினியில் போகும்.

ஆமை போனால் போகட்டும், நமக்கென்ன என்கிறீர்களா? சரி, பந்திக்கு வாருங்கள். கடலிலும் பந்தி உண்டு. ஆனால் அங்கே பந்தியில் உட்கார்ந்தவரே பக்கத்து இலைக்குப் பதார்த்தம். ஆமை குறைந்தால் சொறி பெருகும். பெருகிய சொறி மீன் முட்டையைத் தின்னும், மீன் குஞ்சைத் தின்னும், குஞ்சு தின்னும் நுண்ணுயிரையும் தின்னும். நெத்திலி குறையும். நெத்திலியை நம்பிய வஞ்சிரம் வாடும், வஞ்சிரத்தை நம்பிய வலைக்காரர் வாடுவார், வலையில் மீனுக்குப் பதில் சொறி வந்து கையெல்லாம் தடிக்கும். பறவை குஞ்சுக்கு ஊட்ட மீன் இல்லாமல் மிதக்கிற பிளாஸ்டிக் துணுக்கை ஊட்டும். அந்தத் துணுக்கைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும், பெரிய மீனை உடுமலைப்பேட்டைச் சந்தையில் கருவாடாக வாங்கி, புளி கரைத்துக் குழம்பு வைத்து, "உப்பு சரியா இருக்குது" என்று நாம் தின்போம். நாம் கொடுத்த பை நமக்கே பரிமாறப்படும்.

மறுபடி கடற்கரைக்கு வாருங்கள். கிளம்பும் நேரம் சென்னியம்மாள் நகரவில்லை. கையில் கோடிச்சேலை. சாவுக்கு எடுத்த கோடியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? நம் வழக்கத்தில் கூடாது. அவர் யாரையும் கேட்கவில்லை. சேலையை உதறி ஆமையின் மேல் போர்த்தினார். பிறந்த வீட்டுக் கோடியோடு அந்த ஆமையை மண்ணில் வைத்தோம். பருத்தி அல்லவா, சேலையை இந்நேரம் மண் தின்றிருக்கும். அந்தப் பை இன்னும் கெடாமல் எங்கோ கிடக்கும்.

இதற்கிடையே இங்கே சோமனூரில் என்ன நடந்தது? மொட்டைத் தலையில் சந்தனம், கையில் பஞ்சாமிர்தம், வேனை விட்டு இறங்கினார் பெரியம்மா. தன் தங்கை வீட்டு வாசலில் பந்தல், பெண்கள் அழுகை. உள்ளே ஒருத்தி, "அப்பிடி ஒரு புண்ணியவதி இனி வருவாளா" என்று பாடிக்கொண்டிருந்தாள். பெரியம்மா யாருக்கென்று கேட்கவே இல்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்து மயங்கி விழுந்தாள்.

நாங்கள் வந்து நடந்ததைச் சொன்னோம். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. என்ன சொன்னார் என்பதை நான் இன்னும் மறக்கவில்லை. "நானு மொட்டை போட்டுப்போட்டு ஊடு வந்து சேந்துட்டேன் கண்ணு. அது முட்டை போடாமயே போயிருச்சேடா."

முறுக்குச் சத்தம் நின்றுவிட்டது. அழாதீர்கள் பெரியம்மா, நல்ல நாள்.

சபையோரே, நான் பேச வந்தது இவ்வளவுதான். வாசலில் பைகள் அடுக்கியிருக்கின்றன. கவின், புவனா என்று அழகாக அச்சடித்திருக்கிறது. மணமகன் ஊர் மேட்டுப்பாளையம், அங்கே பவானி ஓடுகிறது. இங்கே நொய்யல் ஓடுகிறது. இரண்டும் காவிரிக்குத்தான் போகின்றன. இந்தப் பெண்ணின் பெயர் இந்த வீட்டில் விளங்க வேண்டுமா, இன்னோர் உயிரின் வயிற்றில் கிடக்க வேண்டுமா? அங்கப்பா, பட்டறை மூடியிருக்கலாம், கிடங்குச் சாவி உன் மடியில்தானே இருக்கிறது? ஊர் மானம் காக்கும் துணிக்கு ஒரு தேங்காயைச் சுமக்கும் தகுதி இல்லையா?

அங்கப்பன் எழுந்துவிட்டார். மைக்கைக் கேட்கிறார். அடிக்க வரவில்லை என்று நம்பி மைக்கைக் கொடுக்கிறேன்.

"காடாவ எடுத்துட்டு வரச் சொல்றனுங்க. சதுரமாக் கிழிச்சு முடிச்சுப் போட்டுக் குடுத்துறலாம். ஆனா அதுல பேரு போடலீங்களே, நாளைக்கு யாரு கல்யாணத்துத் தேங்காய்னு தெரியாதே" என்று கேட்கிறார். நியாயமான கவலைதான். பொறுங்கள், மணமகள் ஏதோ சொல்கிறாள். மைக்கை அங்கே நீட்டுங்கள்.

"வந்தவங்களுக்கெல்லாம் தெரியுமுங்கப்பா. மீனுக்குத் தெரிய வேண்டாம்."

இதற்கு மேல் நான் பேசினால் அது அதிகப்பிரசங்கம். சாவி கைமாறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். பொறுமையோடு கேட்ட தலைவர் அவர்களுக்கும், பசியோடு கேட்ட உங்களுக்கும், பகையில்லாமல் மன்னித்த அங்கப்பனுக்கும் நன்றி. மணமக்கள் நீடு வாழ்க, நீரில் வாழ்வனவும் உடன் வாழ்க. வணக்கம், இலை போட்டாயிற்று, வாருங்கள்.