தேங்காய் எண்ணெய் மட்டும்

ஐந்து நாட்களாகக் குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும்தான் தேய்க்கிறோம், டாக்டர். காலையில் நீங்கள் கேட்டபோது நான் சொன்ன இந்தப் பதில் உண்மை. செக்கில் ஆட்டிய எண்ணெய். அதில் வேறு எதுவும் கலக்கவில்லை.

நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த முறை நீங்கள் கதவைத் திறக்கும்போது சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சரளமாகப் பேச வராது. கல்லூரியில் செமினார் என்றாலே காய்ச்சல் வந்துவிடும். ஒரு வரியில் சொல்லி முடிக்கலாம்தான். ஆனால் ஒரு வரியில் சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் ஹெப்சியின் அத்தை. ஆல்வின் என் அண்ணன். அண்ணன், விஜி மதினி, நான் மூன்று பேரும் ராஜபாளையத்தில் ஒரே வீட்டில் இருக்கிறோம். வேதியியல் படித்துவிட்டு, பேண்டேஜ் துணி செய்கிற ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். துணித் துண்டைத் தண்ணீர்மேல் போட்டு, அது எவ்வளவு சீக்கிரம் நனைந்து மூழ்குகிறது என்று பார்க்க வேண்டும். சில துணி மிதந்துகொண்டே இருக்கும். சில துணி தொட்டவுடன் குடித்துவிடும்.

என் தோல் பிறந்ததிலிருந்தே வறண்ட தோல். கணுக்காலுக்கு மேலே மீன் செதில் மாதிரி வெடித்திருக்கும். உள்ளங்கை சொரசொரவென்று இருக்கும். அண்ணனுக்குக் கொஞ்சம் உண்டு, ஆண்பிள்ளை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்தார். பிறகு கைக்குட்டையை எடுத்தார். துடைத்தார் என்று சொல்லமாட்டேன். எடுத்தார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் மெடிக்கல் கடையில் கேட்டேன். சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு டியூப் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் என் கை மற்றவர்களின் கையைப் போல் ஆனது. பாக்கெட்டுக்குள் மடித்து வைத்திருந்த தாளை முழுதாகப் படித்தேன். அது ஸ்டீராய்டு, அதாவது ஒரு வகை ஹார்மோன். நம் உடம்பே சுரக்கிற ஒன்றைப் போலச் செய்யப்பட்டது. வெகுநாள் பூசினால் தோல் மெலியும். இப்போது என் முன்கையில் நரம்பு பச்சையாகத் தெரிகிறது. கதவில் லேசாக இடித்தால் கன்றிப்போகிறது. பரவாயில்லை என்று இருந்தேன். வழவழப்பாக இருக்கிறதே.

ஹெப்சி பிறந்தபோது மதினி அவளை என்னிடம் கொடுப்பார், ஆனால் செத்த நேரத்தில் வாங்கிக்கொள்வார். "பச்சப்புள்ள ஜாஸ்மின், ஒங்கையி கீறிரும்" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். என் கை சரியாகிப் பல மாதம் ஆகியும் அந்தப் பயம் அவருக்குப் போகவில்லை.

இரண்டாம் மாதத்தில் ஹெப்சியின் கால் வறள ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு மாரிக்கனி அக்கா கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னது எனக்குக் கேட்டது. "என்ன விஜி, அத்தைக்காரி சொத்துல பாதிய இப்பவே எழுதி வச்சிட்டாளா?"

மதினி சிரித்தார். பிறகு அறைக்குள் வந்து அழுதார்.

அன்றைக்குத்தான் ஆரம்பித்தேன். குழந்தையின் கிரீம் டப்பாவில் பாதியை வழித்து எடுத்துவிட்டு, டியூபில் இருந்ததைக் கலந்து நிரப்பினேன். இரண்டும் ஒரே வெள்ளை. நான் பட்டது அவள் படக்கூடாது என்றுதான் செய்தேன். கைக்குழந்தைகளுக்குப் பூசக்கூடாது என்று தாளில் இருந்தது. தாளில் எல்லாவற்றுக்கும்தான் எச்சரிக்கை போடுவார்கள்.

பத்து நாளில் ஹெப்சியின் தோல் வெண்ணெய் மாதிரி ஆனது. "நீயே தடவு ஜாஸ்மின், ஒங்கைக்குத்தான் கேக்குது" என்று மதினி குழந்தையை என் மடியில் போட்டார். குளிப்பாட்டுவது, பூசுவது, தூங்க வைப்பது எல்லாம் என் வேலையானது. பூசி முடித்ததும் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த மெல்லிய துணியைக் காலிலும் கையிலும் சுற்றிவிடுவேன். மூடி வைத்தால் மருந்து பல மடங்கு உள்ளே இறங்கும். குழந்தையின் தோல் பெரியவர்களின் தோலைவிட அதிகமாகக் குடிக்கும். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டே தூங்குவாள். அதுவரை யாரும் என் விரலை அவ்வளவு நேரம் பிடித்ததில்லை.

அடுத்த மாதம் கன்னம் உப்பியது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். சபையில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை அன்று கொழுகொழு குழந்தைப் போட்டி வைத்தார்கள். ஹெப்சிக்கு முதல் பரிசு. மேடையில் மதினி என்னையும் கூப்பிட்டு நிறுத்தி, "அத்தை வளப்புதான்" என்றார். சபையே கை தட்டியது. மாரிக்கனி அக்காகூட வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளி, "ஏட்டி பூசணிக்கா, எங்க வீட்டுக்கு மருமகளா வாரியா?" என்று கேட்டார்.

அந்தக் கன்னம் கொழுப்பு மட்டும் அல்ல என்பதை நான் அதற்கு முன்பே பார்த்துவிட்டேன். முகம் மட்டும் நிலாப்போல உருண்டிருந்தது. நெற்றியில் பூனைமுடி அடர்ந்திருந்தது. மூன்றாம் மாதத்தில் தைத்த கவுன் ஐந்தாம் மாதத்திலும் நீளத்துக்குச் சரியாக இருந்தது. அகலம்தான் போதவில்லை. பக்கவாட்டில் தையலைப் பிரித்து நான்தான் பெரிதாக்கினேன். இரண்டு முறை. பொடித் தையல், வெளியே தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை மதினி அந்தக் கவுனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "புள்ள எம்புட்டு குண்டா இருக்கா, ஆனா வளரவே இல்லயே ஜாஸ்மின். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு டாக்டரம்மா இருக்காவளாம். சனிக்கிழம காட்டுவமா?"

காட்டுவோம் மதினி என்று நான்தான் போன் போட்டு உங்களிடம் டோக்கன் வாங்கினேன். இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் டப்பாவைக் கழுவி வெயிலில் காய வைத்தேன். தேங்காய் எண்ணெய் வாங்கி வந்தேன். சனிக்கிழமைக்குள் முகம் கொஞ்சம் வடிந்துவிடும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை ஹெப்சி பால் குடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வாந்தி. இன்று காலை ஆட்டோவில் வரும்போது மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் என் விரலைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. நான் மதினியிடம் சொல்லவில்லை. விரலை அவள் கைக்குள்ளேயே வைத்திருந்தேன், பிடித்திருப்பது போலத் தெரியட்டும் என்று.

இன்றுதான் உங்களிடம் வர வேண்டிய நாள். வந்துவிட்டோம், அவசரப் பிரிவு வாசல் வழியாக.

மாரிக்கனி அக்கா பஸ் ஏறி வெந்நீர்ப் பிளாஸ்க்கோடு வந்தார். அண்ணன் கேட்டிலேயே நிறுத்திவிட்டான். "ஒங்க கண்ணுதான் பட்டிருக்கு. போங்க, இனி எங்க வீட்டுப் பக்கம் வராதீக" என்றான். அந்த அக்கா பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுப் போனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணு பட்டதாகவே இருந்துவிடட்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பயத்தில் மனசு என்னவெல்லாமோ நினைக்கும்.

உள்ளே மானிட்டர் கத்துகிறது. நிற்கிறது. மறுபடி கத்துகிறது. நான் எடுத்து வந்த பிளாஸ்க்கில் வெந்நீர் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, மூடியைத் திறந்து பார்த்தேன்.

நீங்கள் கதவைத் திறக்கிறீர்கள். என்னைப் பார்க்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மதினியைத்தான் பார்க்கிறீர்கள்.

"சுகர் எறங்கிட்டே போகுது, பிரஷர் நிக்கல. கிருமின்னு நெனச்சுதான் மருந்து ஏத்துறேன், கேக்க மாட்டேங்குது. முகம் வேற இப்படி இருக்கு. ஏதாச்சும் மாத்திரை, களிம்பு, நாட்டு மருந்து? எதுன்னாலும் சொல்லும்மா, திட்டமாட்டேன்."

"ஒண்ணுமே இல்ல டாக்டர். பேபி கிரீம்தான் போட்டோம். அதையும் நிறுத்திட்டு இப்ப எண்ணெதான். இவதான் எல்லாம் பாத்துக்கிடுதா. பொறந்ததுல இருந்து இவ மடிதான்." மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமாக. பிடித்த இடம் கன்றிக்கொண்டு வருவதை நான் பார்த்தேன்.

நீங்கள் திரும்பிவிட்டீர்கள். கதவு பாதி மூடிவிட்டது.

குழந்தைக்காகத்தான் செய்தேன் என்று ஆரம்பிக்க வேண்டும் என்றுதான் ஒத்திகை பார்த்திருந்தேன். அந்த வரி வரவில்லை. கையை உருவிக்கொண்டு எழுந்தேன்.

"டாக்டர். அந்தக் கிரீம்ல நான் ஸ்டீராய்டு கலந்தேன். நாலு மாசமா. வெளிய இருந்து அது வந்துக்கிட்டே இருந்ததால அவ உடம்பு சொந்தமா சுரக்கிறத விட்டிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும். நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு பயந்து திங்கக்கிழமை ஒரேயடியா நிறுத்திட்டேன். நிறுத்தினா இப்படி ஆகும்னு நிறுத்துறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."